பெயர் கேட்காமல் கேட்பது: செட்டிநாட்டு அரசு அலுவலகங்களில் பாலியல் துன்புறுத்தல் குறித்த பணியாளர் ஆய்வுக்கு ஒரு வழிகாட்டி

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய அறிக்கையில் பல அரசு அலுவலகங்கள் ‘இன்மை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகின்றன. புகார் வராததற்கு அங்கே துன்புறுத்தலே இல்லை என்பது காரணமாக இருக்கலாம்; புகார் கொடுத்தால் என்ன நேருமோ என்று அஞ்சி எல்லோரும் வாய்மூடி இருப்பதும் காரணமாக இருக்கலாம். கோப்பை மட்டும் பார்ப்பவரால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. பணியாளர்களிடமே, பெயர் கேட்காமல், முறையாகக் கேட்டால்தான் அது தெரியவரும். உள்ளகப் புகார்க் குழுவில், அதாவது பேச்சு வழக்கில் ‘விசாகா கமிட்டி’ என்று சொல்லப்படும் குழுவில், புதிதாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கும், இப்படி ஓர் ஆய்வை நடத்தப் பணிக்கப்பட்ட நிர்வாகப் பிரிவினருக்கும் பயன்படும் வகையில் அந்த முறையைப் படிப்படியாகக் கீழே எழுதியுள்ளேன்.

செட்டிநாட்டுப் பகுதிக்கென்று தனியாக எழுத ஒரு காரணம் உண்டு. சென்னையில் ஒரு தலைமை அலுவலகத்தில் ஆயிரம் பேருக்கு நடுவே ஒருவர் தம்மை மறைத்துக்கொள்ளலாம். கல்லலிலோ புதுவயலிலோ சாக்கோட்டையிலோ பன்னிரண்டு பேர் வேலைபார்க்கும் அலுவலகத்தில் அது நடக்காது. யார் எந்த ஊர், யாருக்கு யார் பங்காளி, யார் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர், யாருடைய கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இங்கே ஆய்வின் பாதி உழைப்பு கேள்வி எழுதுவதில் செலவாகாது. பதில் சொன்னவர் யாரென்று எவராலும் ஊகிக்க முடியாதபடி செய்வதில்தான் செலவாகும்.

தொடங்குமுன் சட்டத்தை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்

இராஜஸ்தான் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராம அளவில் பணிபுரிந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையடுத்து விசாகா உள்ளிட்ட மகளிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997 ஆகஸ்டு 13 அன்று உச்ச நீதிமன்றம் விசாகா வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அந்நெறிகளின் இடத்தில் வந்த சட்டம் 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. சட்டத்தின் வேர் ஓர் ஊழியர் கிராமத்தில் களப்பணி செய்தபோது பட்ட துன்பத்தில் இருக்க, ஆய்வு நடத்துவோர் பலர் நாற்காலியும் மேசையும் உள்ள அலுவலகத்தை மட்டும் மனத்தில் கொண்டு, அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், தூய்மைப் பணியாளர், பெண் கிராம நிர்வாக அலுவலர் ஆகியோரை விட்டுவிடுகிறார்கள். சட்டமோ நிரந்தரப் பணியாளர், தற்காலிகப் பணியாளர், தினக்கூலி, ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர், பயிற்சியாளர், ஊதியமின்றித் தொண்டு செய்பவர் என அனைவரையும் பணியாளராகக் கொள்கிறது. பணி நிமித்தம் சென்ற இடத்தையும், அலுவலகம் ஏற்பாடு செய்த வாகனத்தையும் பணியிடமாகவே கருதுகிறது.

இத்தகைய ஆய்வைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. பாதுகாப்பான பணிச்சூழலை அமைத்துத் தருவதும், விழிப்புணர்வுப் பயிலரங்குகள் நடத்துவதும், குழுவின் விவரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைப்பதும் அலுவலகத் தலைவரின் கடமை என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. அக்கடமையைச் செய்வதற்கான கருவியாகவே ஆய்வைக் கொள்ள வேண்டும்.

ஆய்வில் ஒருவர் எழுதும் பதில் சட்டப்படியான புகார் ஆகாது என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். புகார் என்பது பாதிக்கப்பட்ட பெண் நிகழ்ச்சி நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் தருவது. போதிய காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை கால நீட்டிப்பு தரலாம். அதன்மேல்தான் விசாரணை நடக்கும். இந்த வேறுபாட்டால் ஓர் ஆபத்தும் உண்டு. புகாரின் உள்ளடக்கத்தையும், புகார்தாரர், எதிர்த்தரப்பினர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்று 16ஆம் பிரிவு தடுக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன இருந்தாலும் இத்தடை நிற்கும் என்றும் அது சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு புகாருக்கும் விசாரணைக்கும் உரியது. ஆய்வுத் தாளுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நம்பி அடையாளங்களைச் சேகரித்து வைக்காதீர்கள். கையில் இல்லாத தகவலை யாரும் கேட்டு வாங்க முடியாது.

எந்த விதி உங்கள் அலுவலகத்துக்கு உரியது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காரைக்குடியிலேயே மாநகராட்சிக்கு மாநில அரசின் விதிகள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மத்திய அரசு வழியிலான விதிகள். அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் உண்டு, அவை மாணவியரையும் உள்ளடக்கும். பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள அலுவலகங்களின் புகார்களும், அலுவலகத் தலைவர் மீதான புகார்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் விரிந்து கிடப்பதால் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் இருப்பவருக்குச் சிவகங்கைக் குழு, திருமயத்திலும் பொன்னமராவதியிலும் இருப்பவருக்குப் புதுக்கோட்டைக் குழு. கேள்வித்தாளின் கடைசியில் அச்சிடும் முகவரி இதற்கேற்ப இருக்க வேண்டும்.

யார் உத்தரவிடுவது, யாரைச் சேர்ப்பது

ஆய்வுக்கான சுற்றறிக்கை அலுவலகத் தலைவருக்கு ஒரு படி மேலே உள்ளவரிடமிருந்து வருவது நல்லது. தலைவரே கையெழுத்திட்டால், அவரைப் பற்றிய கேள்விகளுக்கு யாரும் உண்மையாகப் பதில் சொல்ல மாட்டார்கள். சுற்றறிக்கையில் நான்கு செய்திகள் இருந்தால் போதும்: ஆய்வின் நோக்கம், பங்கேற்பது அவரவர் விருப்பம் என்பது, தாள்களை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது, முடிவு எந்தத் தேதிக்குள் எல்லோருக்கும் அறிவிக்கப்படும் என்பது. ‘அனைவரும் தவறாது பூர்த்தி செய்து அனுப்பப் பணிக்கப்படுகிறார்கள்’ என்ற வழக்கமான வாசகத்தை எழுதிவிடாதீர்கள். கட்டாயப்படுத்திப் பெறும் தாளில் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்றே குறி விழும்.

அலுவலகம் அலுவலகமாக ஆய்வு நடத்துவது இந்தப் பகுதியில் பெரும்பாலும் தவறு. ஒரு வருவாய்க் கோட்டம், ஒரு துறையின் மாவட்டப் பிரிவு, அல்லது பல பேரூராட்சிகளைச் சேர்த்த ஒரு தொகுதி என்று குறைந்தது நூறு, நூற்றைம்பது பேராவது ஒன்றாக வரும்படி எல்லையை வகுக்க வேண்டும். பள்ளத்தூர் தனியாகவும் கானாடுகாத்தான் தனியாகவும் எண்ணப்பட்டால், ‘ஆம்’ என்று விழும் ஒற்றைக் குறி யாருடையது என்று மறுநாள் காலை தேநீர் வேளைக்குள் பேசி முடித்துவிடுவார்கள்.

ஆண்களையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்ப்பதே சரி என்பது என் கருத்து. இச்சட்டத்தின்படி புகார் செய்யும் உரிமை பெண்களுக்குத்தான் என்றாலும், பக்கத்து மேசையில் நடப்பதைப் பார்த்தவர்களில் ஆண்களும் இருப்பார்கள்; திருநர் பணியாளர்களும் ஆண்களில் சிலரும் துன்புறுத்தலுக்கு ஆளாவதுண்டு. பெண்களை மட்டும் அழைத்துத் தாள் கொடுத்தால், அறைக்கு வெளியே நிற்பவர்களின் கேலிப் பேச்சே அடுத்த ஒரு வாரத்துக்கு அந்தப் பெண்களுக்குத் தொல்லையாகிவிடும்.

நடத்தும் காலத்தையும் யோசிக்க வேண்டும். மார்ச்சு மாதம் நிதியாண்டு முடிவு. அதே வேளையில் காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழாவும் வரும், பாதிப்பேர் விடுப்பில் இருப்பார்கள். கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்திக் காலமும் தேர்தல் பணிக் காலமும் ஆகா. இவையில்லாத ஏதேனும் ஒரு சாதாரண மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்விகளை எழுதுவது

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘நீங்கள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருக்கிறீர்களா?’ என்று நேரே கேட்டு, கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் போட்டுவிடுவார்கள். தமக்கு நடந்ததற்கு அந்தப் பெயரைச் சூட்டப் பலரும் தயங்குவார்கள். ‘அவர் எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவார்’, ‘அண்ணன் மாதிரிப் பழகுகிறவர், தப்பாக நினைக்கக் கூடாது’ என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பவர், ‘இல்லை’ என்றே குறியிடுவார். அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான ஒரு பகுப்பாய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது: நேரடியாகக் கேட்ட ஆய்வுகளில் 24 சதவீதப் பெண்கள் ஆம் என்றனர், குறிப்பிட்ட செயல்களைப் பட்டியலிட்டு, இவற்றில் எது நடந்தது என்று கேட்ட ஆய்வுகளிலோ 58 சதவீதம் பேர் ஏதேனும் ஒன்றைக் குறித்தனர்.

ஆகவே செயல்களைக் கேளுங்கள். சட்டத்தின் வரையறையில் உள்ள ஐந்து வகைகளை, அதாவது உடல் தொடுகை, பாலுறவு வேண்டுகோள், பாலியல் சாயல் கொண்ட பேச்சு, ஆபாசப் படம் காட்டுதல், விரும்பத்தகாத பிற நடத்தை ஆகியவற்றை, அன்றாடப் பேச்சு நடையில் மாற்றி எழுதினால் கேள்விகள் தாமே கிடைக்கும். ‘கடந்த 12 மாதங்களில், வேலை தொடர்பாகப் பழகும் எவரேனும்’ என்று தொடங்கி, கீழ்க்கண்டவாறு எழுதலாம்:

– உங்கள் உடலைப் பற்றியோ உடையைப் பற்றியோ உங்களுக்குக் கூச்சம் ஏற்படும்படி பேசினாரா?
– இரட்டை அர்த்தத்தில் பேசுவதையோ ஆபாச நகைச்சுவையையோ நீங்கள் விரும்பாதபோதும் தொடர்ந்தாரா?
– கோப்பு வாங்கும்போது, கையெழுத்துக் கேட்கும்போது, வாகனத்தில் செல்லும்போது வேண்டுமென்றே தொட்டாரா, உரசினாரா?
– வேலைக்குத் தொடர்பில்லாமல் இரவு நேரத்தில் அழைத்தாரா, வாட்ஸ்அப்பில் ஆபாசமான படமோ செய்தியோ அனுப்பினாரா?
– விடுப்பு, இடமாறுதல், பணி வரன்முறை, ஒப்பந்தப் புதுப்பிப்பு ஆகியவற்றைக் காட்டி, தனியாகச் சந்திக்கவோ ‘அனுசரித்து’ப் போகவோ சொன்னாரா?
– நீங்கள் இணங்காததால் வேலைப்பளுவைக் கூட்டினாரா, 17(பி) ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வரும் என்று மிரட்டினாரா?

ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’, ‘ஓரிரு முறை’, ‘பலமுறை’, ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற நான்கு விடைகள் இருக்கட்டும். நான்காவது விடை மிகவும் தேவை. அது இல்லாவிட்டால் அஞ்சுகிறவர் ‘இல்லை’ என்பதில் ஒதுங்கிக்கொள்வார். இருந்தால், எத்தனை பேர் அதில் ஒதுங்கினார்கள் என்ற எண்ணிக்கையே உங்களுக்கு ஒரு செய்தியாகும். கடைசி இரண்டு கேள்விகளுக்கு வரும் விடைகளைத் தனியாகக் கவனியுங்கள். பதவியைக் காட்டி மிரட்டுவதற்கு ஆளாகிறவர்கள் பெரும்பாலும் தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்கள், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள், கணவர் இறந்து அந்த வேலையைப் பெற்றவர்கள். அவர்களுக்கு வேலை போவது வீட்டு அடுப்பு அணைவதற்குச் சமம்.

அடுத்த பகுதியில் செய்தவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்று கேளுங்கள்: மேலதிகாரி, உடன் பணிபுரிபவர், கீழ்நிலைப் பணியாளர், ஒப்பந்ததாரர், மக்கள் பிரதிநிதி, அலுவலகத்துக்கு வரும் பொதுமக்கள். பெயரோ பதவியோ வேண்டாம். பிறகு எங்கே, எப்போது என்று கேளுங்கள். வாடகைக்கு எடுத்த பழைய செட்டிநாட்டு வீட்டில் இயங்கும் அலுவலகமாக இருந்தால், முகப்பில் பொதுமக்கள் கூடுவார்கள், இரண்டாம் கட்டில் பதிவறை இருக்கும், கழிப்பறை அதற்கும் பின்னால் தனியாக இருக்கும். ‘பதிவறை’, ‘பின்கட்டு’, ‘மாடிப்படி’, ‘கழிப்பறைக்குச் செல்லும் வழி’, ‘அலுவலக வாகனம்’, ‘களப்பணி செய்யும் கிராமம்’, ‘கைப்பேசி’ என்று இடங்களைப் பட்டியலிட்டுத் தந்தால் விடை தெளிவாகக் கிடைக்கும். ஆய்வில் உடனடியாகப் பயன்படக்கூடிய தகவல் இதுதான். ஆளைப் பிடிக்க உங்களால் முடியாது, ஆனால் பதிவறைக்கு விளக்குப் போட முடியும்.

மூன்றாம் பகுதி நம்பிக்கை பற்றியது. குழு இருப்பது தெரியுமா, அதன் தலைவர் யாரென்று தெரியுமா, நடந்ததை யாரிடமாவது சொன்னீர்களா, சொல்லவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். ‘யாரும் நம்ப மாட்டார்கள்’, ‘இடமாறுதல் செய்துவிடுவார்கள்’, ‘வீட்டுக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்வார்கள்’, ‘ஊரில் பேச்சாகிவிடும்’, ‘பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்வார்கள்’ ஆகிய விடைகளைத் தாளிலேயே தரலாம். கடைசியில் சொன்னது இப்பகுதியில் தனிக் கவனத்துக்குரியது. பெரியவர்கள் நடுவே உட்கார்ந்து பேசி முடிக்கும் வழக்கம் இங்கே ஆழமாக இருக்கிறது. சட்டமோ, புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால் மட்டுமே சமரசத்துக்கு இடம் தருகிறது, அதிலும் பணம் கைமாறக் கூடாது என்கிறது.

கேட்கக் கூடாதவையும் உண்டு. வயது, சாதி, திருமண நிலை, சொந்த ஊர், பதவி, பணியில் சேர்ந்த ஆண்டு ஆகிய எதுவும் வேண்டாம். நிரந்தரமா, மற்றவையா என்ற ஒரு கேள்வியும், ஆண், பெண், பிற, சொல்ல விரும்பவில்லை என்ற ஒரு கேள்வியும் போதும். ‘மேலும் ஏதேனும் சொல்ல விரும்பினால்’ என்று வெற்றிடம் விடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பது அரசு அலுவலகத்தில் எல்லோருக்கும் கைவந்த கலை. குறிப்பு எழுதியே காலம் தள்ளும் இடம் அது.

தாளின் தலைப்பில், ‘யாருடைய பெயரையும் எழுத வேண்டாம், இது புகார் அல்ல’ என்று தெளிவாக அச்சிடுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பாதிக்கப்பட்டது குழுவுக்குத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற வரியும் அங்கேயே இருக்கட்டும். தாளின் அடியில் குழுவின் தலைவர், வெளி உறுப்பினர் ஆகியோரைத் தொடர்புகொள்ளும் வழி, மாவட்ட உள்ளூர்க் குழுவின் முகவரி, மகளிர் உதவி எண் 181 ஆகியவை இடம்பெற வேண்டும். இப்பகுதியைக் கிழித்து எடுத்துச் செல்லும்படி அச்சிட்டால் இன்னும் நல்லது.

தாளும் பெட்டியும்

விடைகளை எந்தக் காரணம் கொண்டும் தபால் பிரிவு வழியாகப் பெறாதீர்கள். அங்கே ஒவ்வோர் உறையையும் பிரித்து, முத்திரையிட்டு, எண் கொடுத்து, உரிய எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏற்றுவதுதான் முறை. ‘ரகசியம்’ என்று எழுதிய உறைதான் முதலில் கவனத்தை ஈர்க்கும்.

எளிய வழி இது. எல்லாப் பணியாளர்களும் ஏற்கெனவே கூடும் மாதாந்திரக் கூட்டத்தின் நாளில், அலுவலகத்தைச் சேராத ஒரு கட்டடத்தில், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மேலதிகாரிகள் தங்கள் தாளைத் தனியாக வேறு நேரத்தில் நிரப்பட்டும். எல்லோருக்கும் ஒரே நிற மை கொண்ட பேனா கொடுத்து, குறியிடுவதை மட்டும் கேளுங்கள். ஆள் பெயருக்கு எதிரே கையொப்பம் வாங்கித் தாள் தர வேண்டாம். மொத்த எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். நிரப்பாத தாளையும் எல்லோரும் மடித்து அதே பெட்டியில் போட வேண்டும். அப்போதுதான் பங்கேற்க விரும்பாதவர் யாரென்று தெரியாமல் போகும்.

கூகுள் படிவத்தில் செய்யலாமே என்று இளையவர்கள் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் அமைப்பையும், ஒருவர் ஒருமுறைதான் பதிலளிக்கலாம் என்ற கட்டுப்பாட்டையும் நீக்கிவிட வேண்டும். இரண்டாவது இருந்தால் அது கணக்குக்குள் நுழையச் சொல்லும், பெயர் போய்ச் சேராவிட்டாலும் நிரப்புகிறவர் அஞ்சிவிடுவார். இணைப்பை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டால், ‘முடித்துவிட்டேன் மேடம்’ என்று வரிசையாகப் பதில் வரும்; வராதவர்கள் யார் என்பதும் அதனாலேயே தெரிந்துவிடும். பொதுக் கணினியில் நிரப்பச் சொல்வது எல்லாவற்றையும்விட மோசம்.

படிக்கத் தெரியாத தூய்மைப் பணியாளர்களிடமும் தினக்கூலிகளிடமும் ஒருவர் வாசித்துக் காட்டித்தான் கேட்க வேண்டும். அந்த ஒருவர் மேற்பார்வையாளராக இருக்கவே கூடாது. சமூகப்பணித் துறை மாணவியரின் உதவியை நாடலாம். ஆனால் உள்ளூர்க் கல்லூரியில் படிப்பவர் யாரோ ஒருவரின் அண்ணன் மகளாகவே இருப்பார் என்பதால், மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவழைப்பது செலவானாலும் தகும். கேள்வியை எல்லோருக்கும் சத்தமாக ஒருமுறை வாசித்து, வண்ணக் கட்டங்கள் கொண்ட தாளில் அவரவர் குறியிட்டுப் பெட்டியில் போடச் செய்தால், கேட்பவருக்கும் விடை தெரியாது.

நாணயத்தைச் சுண்டிப் பதில் பெறுவது

இத்தனைக்கும் பிறகும் அச்சம் போகாத, பணியாளர் எண்ணிக்கை மிகுந்த இடங்களில் பயன்படும் வழி ஒன்று உண்டு. 1965இல் ஸ்டான்லி வார்னர் முன்வைத்த எண்ணத்திலிருந்து வளர்ந்தது இது. ஒவ்வொருவரும் யாரும் பார்க்காமல் ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், நடந்ததோ இல்லையோ, ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும். பூ விழுந்தால் உண்மையைக் குறிக்க வேண்டும். இப்படிச் செய்தால் எந்த ஒரு ‘ஆம்’ என்பதை வைத்தும் யாரையும் எதுவும் சொல்ல முடியாது, ‘எனக்குத் தலை விழுந்தது’ என்று சொல்லிவிடலாம். மொத்தத்தில் மட்டும் கணக்குப் போடலாம். 240 பேரில் ஏறத்தாழ 120 பேருக்குத் தலை விழுந்திருக்கும். 150 ‘ஆம்’ வந்திருந்தால், எஞ்சிய 120 பேரில் 30 பேர் உண்மையாகவே ஆம் என்றிருக்கிறார்கள், அதாவது 25 சதவீதம்.

நாணயம் சரிபாதியாகத்தான் விழும் என்பதற்கு உறுதியில்லை என்பதால் இக்கணக்கில் பிழை வரம்பு பெரியது. மேற்சொன்ன 25 என்பது உண்மையில் 13 முதல் 37 வரை எதுவாகவும் இருக்கலாம். நாற்பது பேர் உள்ள அலுவலகத்தில் இம்முறையால் பயனே இல்லை. ஒரே ஒரு முக்கியக் கேள்விக்கு, உதாரணமாகப் பதவியைக் காட்டி மிரட்டியது பற்றிய கேள்விக்கு மட்டும், இதைப் பயன்படுத்துங்கள். எல்லாக் கேள்விக்கும் வைத்தால் நிரப்புகிறவர் குழம்பிவிடுவார்.

எண்ணுவதும் மறைப்பதும்

எண்ணும்போது குழுவின் வெளி உறுப்பினர் உடனிருக்க வேண்டும். முதலில் எத்தனை தாள் கொடுக்கப்பட்டது, எத்தனை நிரம்பி வந்தது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். 180 தாள் கொடுத்து 70 மட்டும் நிரம்பி வந்தால், அந்த 70இல் கிடைக்கும் சதவீதத்தை 180 பேருக்கும் பொருத்திச் சொல்லக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களே அதிகம் எழுதியிருக்கலாம், அவர்களே அதிகம் ஒதுங்கியும் இருக்கலாம்.

பத்துப் பேருக்குக் குறைவான எந்தப் பிரிவையும் தனியாகக் காட்டாதீர்கள். அதோடு நின்றுவிடவும் கூடாது. மொத்தப் பெண்கள் 48, அவர்களில் நிரந்தரப் பணியாளர் 45 என்று இரண்டையும் வெளியிட்டால், மறைத்த மூன்று ஒப்பந்தப் பெண்களின் விடையைக் கழித்துப் பார்த்து எவரும் கண்டுபிடித்துவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் பிரிவுகளையே விட்டுவிட்டு மொத்தத்தை மட்டும் தர வேண்டும். எச்சரிக்கையை மீறி யாரேனும் தாளில் ஒருவரது பெயரை எழுதியிருந்தால், அதை எண்ணிக்கைக் குறிப்பில் ஏற்றக் கூடாது. அந்தப் பெயருடையவரை அழைத்து விசாரிக்கவும் கூடாது. எழுதியவர் யாரென்று தேடும் வேட்டை அங்கேயே தொடங்கிவிடும். மாறாக, குழுவை எப்படி அணுகுவது என்ற அறிவிப்பை அனைவருக்கும் மீண்டும் ஒருமுறை அனுப்புங்கள்.

தாள்களை எத்தனை நாள் வைத்திருந்து எப்படி அழிப்பது என்பதற்கு ஆய்வு தொடங்குமுன்பே எழுத்து மூலமான உத்தரவு வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்டால், ‘பதிவேட்டை அழித்தீர்கள்’ என்று உங்கள் மேலேயே கேள்வி வரும்.

முடிவைத் திருப்பித் தருவது

கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பது, கேட்காமல் இருந்ததைவிடக் கெடுதல். ‘எழுதிக் கொடுத்தோம், கோப்பில் போட்டுக் கட்டிவிட்டார்கள்’ என்ற எண்ணம் வந்துவிட்டால் அடுத்த பத்தாண்டுக்கு அங்கே யாரும் வாய்திறக்க மாட்டார்கள். ஆகவே முப்பது நாளுக்குள் ஒரே பக்கத்தில் முடிவை அச்சிட்டு, தூய்மைப் பணியாளர் வரை அனைவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பக்கத்தில் கண்டறிந்த ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன செய்யப்போகிறோம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பது இருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை பெரும்பாலும் சிறியவை. பதிவறைக் கதவில் கண்ணாடி, சாவிக்குப் பதிவேடு. மாலை ஆறு மணிக்குமேல் பெண் பணியாளரை இருத்தி வைப்பதாக இருந்தால் இரண்டு பேராக. விடுப்பும் ஒப்பந்தப் புதுப்பிப்பும் ஒரே ஆளின் கையில் இல்லாமல் இரண்டாவது கையெழுத்து. களப்பணிக்குத் தனியாகச் செல்வோருக்கு வட்டார அளவில் ஒரு தொடர்பு எண். பொதுமக்களிலோ ஒப்பந்ததாரர்களிலோ ஒருவர் துன்புறுத்தியதாகப் பெண் பணியாளர் புகார் செய்ய விரும்பினால், அவருக்கு உதவுவதும் அலுவலகத்தின் கடமை என்று சட்டம் சொல்வதையும் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். குழுவையே யாருக்கும் தெரியவில்லை என்ற விடை வந்தால், முதலில் குழுவைப் பாருங்கள். தலைவர் மூத்த பெண் அலுவலர்தானா, பாதிப்பேராவது பெண்களா, வெளி உறுப்பினர் உண்மையிலேயே கூட்டத்துக்கு வருகிறாரா, மூன்றாண்டுப் பதவிக்காலம் முடிந்துவிட்டதா என்று சரிபாருங்கள். மூன்றாண்டுக்கு முன் மாறுதலாகிப் போனவரின் பெயர் அறிவிப்புப் பலகையில் இன்னும் தொங்குவது அரிதான காட்சியன்று. சட்டப்படி குழு அமைக்காத அலுவலகத் தலைவருக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் தேவைப்படும்போது நினைவூட்டலாம்.

முடிவை வாசித்த பிறகு உண்மையான புகார்கள் வரத் தொடங்கலாம். அதைக் கண்டு மேலிடம் பதறினால், குழுவின்மேல் நம்பிக்கை வந்ததால் புகார் வருகிறது என்று விளக்குங்கள். புகார் கையில் வந்தால் 90 நாளுக்குள் விசாரணையை முடித்து, அடுத்த 10 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும்; அதன்மேல் நடவடிக்கை எடுக்க அலுவலகத்துக்கு 60 நாள். விசாரணை நடக்கும்போது புகார்தாரர் எழுதிக் கேட்டால் அவருக்கோ எதிர்த்தரப்பினருக்கோ இடமாறுதலும், அவருக்கு மூன்று மாதம் வரை விடுப்பும் குழு பரிந்துரைக்கலாம். ஆய்வை நடத்துமுன்பே குழு இந்த வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும். தயாராகாத குழு ஆய்வைத் தள்ளிவைப்பதே மேல்.

ஓராண்டு கழித்து

அமெரிக்க மத்திய அரசின் பணியாளர்களிடம் அந்நாட்டுத் தகுதிநெறிப் பாதுகாப்பு வாரியம் 1980இல் இப்படி ஓர் ஆய்வு நடத்தியது. 20,000க்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். முந்தைய இரண்டாண்டுகளில் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 42 சதவீதம். 1987இல் மீண்டும் கேட்டபோதும் 42. 1994இல் 44. அந்த மூன்றாவது ஆய்வில், பாதிக்கப்பட்டவர்களில் முறைப்படி நடவடிக்கையில் இறங்கியவர்கள் ஏறத்தாழ 6 சதவீதம்தான். ஆய்வு நடத்தினாலே நிலைமை சீராகிவிடும் என்று நம்புவோருக்கு இந்த எண்கள் போதும். அதே வேளையில், ஒரே வகைக் கேள்விகளை ஒரே காலவரையறையோடு திரும்பக் கேட்டதால்தான் எதுவும் மாறவில்லை என்பதாவது அவர்களுக்குத் தெரிந்தது.

ஆகவே முதல் ஆண்டின் கேள்வித்தாளை ஒரு சொல்லும் மாற்றாமல் பத்திரப்படுத்தி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே எல்லைக்குள், அதே தாளைக் கொடுங்கள். முடிவில் மட்டும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம்: சென்ற ஆண்டு ஆய்வின் முடிவு உங்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டதா, செய்வதாகச் சொன்னவற்றில் எவை உங்கள் பிரிவில் செய்யப்பட்டன. இரண்டாவது கேள்விக்கு வரும் விடைகளை, ‘பணி முடிக்கப்பட்டது’ என்று பொறுப்பாளர்கள் எழுதித் தந்த குறிப்புகளுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, இரண்டையும் சேர்த்தே மேலிடத்துக்கு அனுப்புங்கள்.